விமானத்துக்குச் சொன்ன எடை

ஹேலோரன், நெப்ராஸ்கா
1996 ஆகஸ்ட் 11, ஞாயிறு மதியம்

அன்பு மகள் மார்லாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நூற்றுப் பதினான்கு மாடுகளும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன். வைக்கோல் இரண்டாவது அறுப்பு முடிந்தது, மழை இல்லை, அப்பாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் மாட்டு டாக்டர் வரும்போது காட்டிக்கொள்கிறேன் என்கிறார். போன ஞாயிறு போனில் நீ, அறுபது வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த ப்ளேன் வேலை, பேசாம கம்பளி பின்னக் கத்துக்கக்கூடாதா என்று கேட்டாய். அப்போது அப்பா பக்கத்தில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன், நீளமாகப் போகும், உட்கார்ந்து படி.

பள்ளிக்கூட பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவளுக்கு ப்ளேன் ஓட்டக் கற்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைத்துத்தான் ஜனவரியில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவன் டரெல் கோவாண்டா, உனக்கு ஞாபகம் இருக்கும், என் பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வாரம் ஒருமுறை வாந்தியெடுப்பானே, அவனேதான். இப்போது அவன் எனக்கு வாத்தியார், வயிறு புரட்டினா முன்கூட்டியே சொல்லிடுங்கம்மா என்று முதல் நாளே காகிதப் பை கொடுத்தான். முப்பது வருஷம் காத்திருந்திருக்கிறான் பார். முதல்முறை தனியாக ஓட்டிவிட்டு இறங்கும் மாணவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி என் சட்டையின் முதுகைக் கத்தரித்து ஏர்போர்ட் சுவரில் மாட்டியிருக்கிறான், ஈஸ்டருக்கு நீ அனுப்பிய நீலச் சட்டை, அதை ஏன் நான் போடுவதில்லை என்று கேட்டாயே, அதுதான் காரணம். இப்போது மிச்சம் இருப்பது நெடுந்தூரப் பயணம். முந்நூறு மைலுக்குக் குறையாமல் தனி ஆளாகப் போய், வழியில் ஊர் ஊராக இறங்கித் திரும்பவேண்டும், அதற்கு டரெல் என் பறப்புப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். எந்த ஊர் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் லிங்கனைத் தேர்ந்தெடுத்தேன். உன்னைப் பார்த்து ஒரு வருஷம் எட்டு மாசம் ஆகிறது என்பதை டரெலிடம் சொல்லவில்லை, பெரிய ஏர்போர்ட்டில் கண்ட்ரோல் டவரோடு பேசிப் பழகவேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

ஏற்பாடு என்றால் உனக்குப் புரியாது. மே மாசத்திலிருந்து சாப்பாட்டு மேசை எங்களுக்குச் சொந்தமில்லை. அதன்மேல் வரைபடம் விரித்துக் கிடக்கிறது, அப்பா தட்டைக் குளிர்பெட்டிமேல் வைத்து நின்றபடி சாப்பிடுகிறார். இங்கிருந்து லிங்கனுக்கு ஒரு கோடு, கோட்டில் பத்து மைலுக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன தெரியும் என்று எழுதவேண்டும், தண்ணீர்த் தொட்டியா, தண்டவாளத் திருப்பமா, தானியக் கோபுரமா. பிறகு காற்று எந்தப் பக்கம், காம்பஸ் எவ்வளவு பொய் சொல்கிறது, அந்தப் பொய்க்கு எத்தனை டிகிரி கழிக்கவேண்டும், எத்தனை நிமிஷம், எத்தனை காலன் பெட்ரோல். லிங்கன் ரோடு எனக்கு மனப்பாடம், ரோட்டைப் பார்த்தே போகிறேனே என்றேன். ரோட்டப் பாத்துப் போனா அது பஸ்ஸும்மா, ப்ளேன் இல்ல என்றான் டரெல். ஏர்போர்ட்டில் காபி மேசை என்று ஒன்று உண்டு, நாலு கிழவர்கள், அதில் இரண்டு பேருக்குக் கண் தெரியாமல் லைசென்ஸ் போய்விட்டது, ஆனால் யோசனை சொல்ல லைசென்ஸ் தேவையில்லை. அவர்கள் ஊரை ரன்வே நீளம் பார்த்துச் சொல்வதில்லை, பலகாரம் பார்த்துச் சொல்கிறார்கள். அங்க எறங்காத ஆர்லீன், காபி வெறும் தண்ணி என்கிறார் ஒருவர். பர்வெல்ல எறங்கு, பீச் பழம் வெச்ச கொலாச்சி சூடா கெடைக்கும், காத்து எப்படி அடிச்சா என்ன என்கிறார் இன்னொருவர். காற்றைப் பற்றி நாலு பேரும் நாலு திசை காட்டினார்கள், கொலாச்சியைப் பற்றி மட்டும் ஒருமனதாக இருந்தார்கள், அதனால் முதல் இறக்கம் பர்வெல்.

இதற்கெல்லாம் முன்னால் எடைத்தாள் என்று ஒன்று நிரப்பவேண்டும். நாங்கள் ஓட்டுவது பழைய இரண்டு சீட் செஸ்னா. பெட்ரோல் முழுக்க ஊற்றினால் ஆட்களுக்கும் பைக்கும் சேர்த்து முந்நூற்று ஐம்பத்தைந்து பவுண்டுதான் இடம். டரெல் தன் கட்டத்தில் 190 என்று எழுதினான். நான் என் கட்டத்தில் 148 என்று எழுதினேன். மிச்சம் பதினேழு பவுண்டு, அதில் டரெலின் சாப்பாட்டுப் பை, பிளாஸ்க், வரைபடம். கூட்டிப் பார்த்தால் சரியாக 355, ஒரு பவுண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்துப் பூரித்துப்போனோம். டரெலின் 190 பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் செய்த காலத்து எடை. என்னுடைய 148 டிரைவிங் லைசென்ஸில் நீ பிறந்த வருஷம் எழுதியது, அரசாங்கம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, அவர்களே ஆட்சேபிக்கவில்லை, நான் ஏன் மாற்றவேண்டும்.

ஜூலையில் நார்த் பிளாட் போய்வர நானும் டரெலும் கிளம்பினோம், அன்றைக்குத் தொண்ணூற்றெட்டு டிகிரி வெயில். ப்ளேன் கிளம்பவே மனசில்லாமல் ஓடியது. ரன்வே பாதி போனது, முக்கால் போனது, கடைசிக் கம்பம் போனது, அப்புறம்தான் எழுந்தது. எதிரே காட்டன்வுட் மரங்கள், இலை இலையாகத் தெரிந்தன. டரெல் என் கைமேல் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மரத்தைத் தாண்டி எத்தனை அடி உயரத்தில் போனோம் என்று நான் எழுதவில்லை, நீ பயப்படுவாய். கீழே ரோட்டோரம் லாரியை நிறுத்தி உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போய்வந்ததும் காரணம் தேட ஆரம்பித்தோம். முதலில் காற்று சரியில்லை என்றான், பிறகு வெயில், பிறகு ரன்வே விரிசலில் முளைத்த புல், பிறகு என் கால் பிரேக்கில் இருந்திருக்கும் என்றான், கடைசியில் செஸ்னாவுக்கு வயசாகிவிட்டது என்று முடிவானது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து காற்றுக் கணக்கை மறுபடி போட்டோம், புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரைக்கும்.

மூன்றாம் நாள் நான் மேசையில் இருக்கும்போது அப்பா தட்டோடு வந்து எதிர்ப்பக்கம் நின்றார். தாளைத் தலைகீழாகவே படித்தார். யாரு இந்த நூத்தித் தொண்ணூறு என்றார். டரெல் என்றேன். உனக்குத் தெரியுமே, சந்தையில் மாடு கதவைத் தாண்டி வருவதற்குள் எடை சொல்லிவிடுவார், தராசுக்காரனே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முள்ளைப் பார்ப்பான். ஒரு வாய் மென்றுவிட்டு, அந்தப் பய இருநூத்தி முப்பத்தெட்டு, அந்தச் சாப்பாட்டுப் பை இல்லாம என்றார். அப்புறம் விரலை 148 மேல் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொல்லித் தொலையுங்கள் என்றேன். நூத்தி அறுபத்தேழு, காலைல, காபி குடிக்கறதுக்கு முன்னாடி என்றார். முப்பத்தாறு வருஷமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை மனுஷன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், நீ ப்ளேன்ல போகல அப்போ என்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன், அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கூட்டிப் பார்த்தேன், அறுபத்தேழு பவுண்டு அதிகம். காம்பஸின் பொய்க்கு டிகிரி டிகிரியாகக் கழித்துவிட்டு, எங்கள் பொய்யை ஏற்றிக்கொண்டு மரத்துக்கு நேரே போயிருக்கிறோம். டரெலிடம் போய்ச் சொன்னேன். என்னம்மா, என்னைய மாடுன்னு நெனச்சீங்களா என்று முறைத்தான். நம்பவில்லை என்றால் சந்தைத் தராசில் ஏறிப் பார் என்றேன். ஏற மாட்டான், கையெழுத்தும் போட மாட்டான், வாத்தியார்மேல நம்பிக்கை இல்லாத ஆளத் தனியா அனுப்ப முடியாது என்று புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டான். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை மார்லா, உண்மையைச் சொல்கிறேன். லிங்கன் கோடு மேசைமேல் அப்படியே கிடந்தது, அதைப் பார்த்தால் அழுகை வந்தது, சுருட்டி வைக்கவும் மனசு வரவில்லை. வியாழக்கிழமை சந்தை நாள். ஊர் முழுக்க அங்கே இருந்தது, காபி மேசைக் கிழவர்களும் இருந்தார்கள், டரெல் ஓரமாக நின்று பன்றி இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கம்பிக் கதவைத் திறந்து மாட்டுத் தராசில் நானே ஏறி நின்றேன். அந்தத் தராசு பத்துப் பத்தாகத்தான் காட்டும், மாட்டுக்கு அது போதும். ஏலக்காரன் பழக்கதோஷத்தில் மைக்கில், நூத்தி எழுபது என்றான். என் வாழ்க்கையில் முதன்முறையாக மூன்று பவுண்டு கூடப் போட்டுச் சொன்னது ஒரு தராசு, அதுவும் ஒலிபெருக்கியில். ஒருத்தரும் சிரிக்கவில்லை, எல்லாரும் தங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள், அதுதான் நம் ஆட்களின் மரியாதை. டரெல் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்துத் தராசில் ஏறினான். இருநூற்று நாற்பது. இறங்கி என் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நான் எறங்கிட்டாலே ப்ளேன் தானாப் பறக்கும்மா, தைரியமாப் போயிட்டு வாங்க என்றான். 

காரில் வந்தால் ஐந்து மணி நேரம்தானே, இதற்கு ஏன் இத்தனை கூத்து என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம் வீட்டில் காரணம் இல்லாமல் யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. காரில் வந்து கதவைத் தட்டினால் விசாரிக்க வந்ததுபோல் ஆகிவிடும், ப்ளேனில் வந்தால் சட்டம் வரச்சொன்னது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு உன் கார்டு வந்தது. ஆறு வருஷமாக அதில் மார்லாவும் கிரெகும் என்று ஜோடியாக இருக்கும், இந்தத் தடவை மார்லா என்று மட்டும் இருந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை, வாராவாரம் போனில் லிங்கன் வெயிலும் ஹேலோரன் வெயிலும் பேசிக்கொண்டோம். அப்பா கார்டிலிருந்த உன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பன்னெண்டு பவுண்டு எளச்சிருக்கா என்றார், தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். போட்டோவில் எப்படித் தெரியும், சும்மா உளறாதீர்கள் என்று நான் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். ஆனாலும் அடுத்த வாரமே போய் டரெலிடம் பேர் கொடுத்தேன். சந்தையில் எங்கள் இரண்டு பேர் எடையும் அவர் சொன்னபடியே வந்ததைப் பார்த்து நின்றபோதுதான் அந்தப் பன்னிரண்டும் சரியாகத்தான் இருக்கும் என்று உறைத்தது. எட்டு மாசமாக நீ போனில் எனக்கு 148 சொல்லிக்கொண்டிருக்கிறாய், நானும் உனக்கு 148 சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸை விட்டபிறகு வீட்டில் சத்தமே இல்லை மார்லா. நீ இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அழிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. காற்று ஒத்துழைத்தால் காலை பத்தேகாலுக்கு லிங்கனில் இறங்குவேன், சின்ன ப்ளேன்கள் நிற்கும் பக்கம் வேலியோரமாக வந்து நில். ஒரு மணி நேரம் இருப்பேன். உன்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகமுடியாது, மாணவிக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லை, அழாதே, சட்டம். அன்றைக்கு வேறு வேலை என்று சொல்லாதே, இருந்தால் என்ன வேலை என்று சொல். ஒரு டஜன் கொலாச்சி கொண்டுவருகிறேன், எடைத்தாளில் மூன்று பவுண்டு என்று எழுதியாகிவிட்டது, என் முன்னால் குறைந்தது இரண்டாவது நீ தின்னவேண்டும். கடவுள் உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், நீ நன்றாகத் தூங்கி எழவேண்டும், நல்ல மனுஷர்கள் உன் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்தத் தாளில் பக்கத்து சீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இப்போது அதில் சைபர் போட்டிருக்கிறேன். அக்டோபரில் பரீட்சை, தேறிவிட்டால் அதில் உன் எடையை எழுதவேண்டும். போன வருஷத்து எடை வேண்டாம். இப்போது எவ்வளவோ அதைச் சொல்.

உன் அம்மா,
ஆர்லீன்
(170, மாட்டுத் தராசுப்படி)