நாற்பத்தொன்பதில் நீ அடித்த சிக்ஸர்கள்

இன்று காலை வெஸ்ட்மீட் மருத்துவமனையில், வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கப் போனேன். தொலைக்காட்சியில் அமெரிக்க பேஸ்பால். தாடி நரைத்த ஒருவர் பந்தைப் பார்வையாளர்களுக்குள் தூக்கி அடித்தார். "இந்த வயசிலயோ? ஏதோ மருந்து எடுத்திருக்கிறான்" என்றார் பக்கத்து மேசைக்காரர். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னோடு பேசியாக வேண்டும்.

அந்த ஆட்டத்தை எனக்குப் பழக்கியவன் நீ. அதே மேசையில் இதைப் பற்றியே எத்தனை நாள் சண்டை பிடித்தோம். நாற்பது தாண்டியவர் திடீரென்று ஹோம் ரன்களாக, நம் சிக்ஸர் மாதிரி, குவித்தால் சந்தேகப்படத்தான் வேண்டும் என்பேன். நீ விடமாட்டாய். "ஓட ஏலாதவன் ஓங்கித்தான் அடிப்பான் மச்சான். வேற வழி என்ன கிடக்கு?"

பிறகு அது உனக்கே நடந்தது. ஹோம்புஷில் நமது நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் கிரிக்கெட் அணியில் சேருமுன்பிருந்தே, இருபது வருடமாகத் தட்டிவிட்டு ஓடியே காலம் தள்ளியவன் நீ. நாற்பத்தொன்பதாவது வயதில் சிக்ஸர் அடிக்கத் தொடங்கினாய். வேலிக்கு வெளியே, கார்கள் நின்ற இடத்தில் போய் விழுந்தது பந்து. உன் முகமும் உருண்டு திரண்டிருந்தது.

மூன்றாவது ஆட்டம் முடிந்து எல்லோரும் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "உண்மையைச் சொல்லு, ஊசி போட்டனியோ?"

சிரிப்பு எழுந்தது. நீ தட்டைப் பார்த்தபடி, "ஓம்" என்றாய்.

மற்றவர்கள் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். நான் கப்டனிடம் போய் அதைச் சொல்லி, மருந்து எடுத்தவர் ஆடக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அவர் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அதோடு நீ விளையாட வருவதை நிறுத்தினாய். வேலைக்கும் நீண்ட விடுப்பு. கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து, நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து உன் மனைவி அழைத்தார். நீ படுத்திருந்த மருத்துவமனை வாட்டுக்கு ஓடி வந்தேன். இரத்தப் புற்றுநோய். விளையாடிய நாட்களிலேயே சிகிச்சை தொடங்கியிருந்ததாம்.

"நீ சொன்னது பிழையில்லை மச்சான்," என்றாய். "ஸ்டீரொயிட்தான். டொக்டர் விழுங்கத் தந்த குளுசை."

"ஏன்டா எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா விளையாட விட்டிருப்பியளோ?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். நீயே தொடர்ந்தாய்: "அடிச்சது குளுசையோ நானோ தெரியாது. ஆனா அவுட் ஆகிற பயம் விட்டுப்போச்சு. அது நல்லாயிருந்தது."

மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய். அந்தச் சிக்ஸர்கள் யாருடையவை என்று இன்னமும் என்னோடு நானே வாதாடுகிறேன். ஒருநாள் உன் பக்கம், மறுநாள் குளுசையின் பக்கம். ஆனால் உறுத்துவது அதுவல்ல. இருபது வருட நண்பனின் முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குத் தோன்றியது ஒரே ஒரு கேள்விதான்.

போன சனிக்கிழமை நம் அணியில் ஒருவர், ஐம்பது வயது, தொடர்ந்து மூன்று சிக்ஸர் அடித்தார். திரும்பி வந்தவரின் கையைப் பிடித்து, "உடம்பு சுகமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கையை விடவில்லை.