நீ வாங்க மாட்டேன் என்ற ஆள்

நேற்று தி.நகரில் என் மனைவி புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் செல்போன் அலறியது. சனிக்கிழமை மூன்று மணி அலாரம், நீ வைத்துவிட்டுப் போனது. திரையில் நீயே தட்டிய வாசகம்: "டேய் சோம்பேறி, கேப்டனை மாத்து." கடைக்காரர் இன்னொரு புடவையை விரித்தார். எனக்கு எந்தப் புடவையும் கண்ணில் படவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் அணிகளைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு ஒன்றல்ல, இரண்டு அணிகள் இருக்கின்றன.

இந்த ஃபேன்டசி ஃபுட்பால் என்றால் என்ன என்று அவளுக்கு நீதான் ஒருமுறை விளக்கினாய். "இங்கிலாந்துல ஆடுறவனுங்கள்ல நமக்குப் புடிச்சவனா எடுத்து நாமளே ஒரு டீம் வெச்சிக்கணும், தங்கச்சி. அவன் அங்க கோல் போட்டா இங்க நமக்கு பாயின்ட்டு. ஒருத்தனை கேப்டன்னு சொல்லிட்டா அவனுக்கு டபுள்." அவள் விடவில்லை. "சரி, இதுல நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?" நீ கொஞ்சம் யோசித்தாய். "நாங்க கவலைப்படுவோம்" என்றாய்.

உண்மைதான். வாரம் பூராவும் அதைத்தானே செய்தோம். மந்தைவெளியில் ரயிலேறித் தரமணியில் இறங்கும்வரை இதே பேச்சு. நான் இறக்காமல் வெளியே உட்காரவைத்தவன் மறுநாள் இரண்டு கோல் போடுவான். நம்பி இறக்கியவன் பத்தாம் நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவான். எந்த ஊர்ப் பயிற்சியாளரோ யாரையோ ஓய்வெடுக்கச் சொன்னதற்கு நான் ஆபீசில் எரிந்து விழுவேன்.

உனக்கு நீலச் சட்டை கிளப், எனக்குச் சிவப்பு. பெங்களூரைத் தாண்டிப் போகாதவன் நீ; நீலம் தோற்றால் சாப்பிடாமல் படுப்பாய். எங்கள் சிவப்பு அணியின் முன்கள ஆட்டக்காரன் கோல் மழை பொழிந்த வருடங்களில்கூட அவனை நீ வாங்கவில்லை. சேர்ந்து போட்டி போடும் நம் நண்பர்கள் குழுவில் எல்லோரிடமும் அவன் இருந்தான், உன்னிடம் மட்டும் இல்லை. கேட்டால், "அவன் எங்களுக்கு எதிரா கோல் போட்டா நான் எந்திரிச்சி கை தட்டணுமா? இன்னா மச்சி பேசுற? அந்த பாயின்ட்டே வேணாம்" என்பாய். உங்கள் கோல்கீப்பரை நான் கூச்சமில்லாமல் வைத்திருந்தேன். அதற்காக என்னை ரெண்டு வீட்டுச் சாப்பாட்டுக்காரன் என்று கூப்பிட்டாய். இந்த வீம்பால் ஒவ்வொரு வருடமும் கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றாய். "கடைசி மட்டும் வந்ததில்லடா" என்று அதிலும் ஒரு பெருமை.

ஆஸ்பத்திரியில் பாஸ்வேர்டைச் சொன்னபோது உன் குரலே சரியாக வரவில்லை. "நான் வர்ற வரைக்கும் டீமைப் பாத்துக்க. அவனை மட்டும் வாங்கிடாத." நீ வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். நம் குழுவில் ஒருவன், "விட்ரு மச்சி, அவன் டீம் அப்டியே நிக்கட்டும்" என்றான். எப்படி விடுவது? உன் அணியில் மூன்று பேருக்கு அடிபட்டிருக்கிறது. விட்டால் பூஜ்யம்தான் வரும்.

ஆனால் இது என்னைப் படுத்துகிறது. என் அணி உன்னை முந்தினால் உனக்கு வேண்டுமென்றே மட்டமான ஆட்களைத் தேர்ந்தெடுத்தேனோ என்று உறுத்துகிறது. நீ முந்தினால், சரி, இவனுக்காக நான் ஏன் தோற்க வேண்டும் என்று எரிச்சல் வருகிறது. இறந்தவனோடு போட்டி போடுகிறவனை நீ பார்த்திருக்கிறாயா? நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

நேற்று நீ கடைசி இடத்தில் இருந்தாய். எங்கள் ஆளை உள்ளே கொண்டுவந்தால் மேலே ஏற்றிவிடலாம். புடவைக் கடையில் நின்றபடியே கொண்டுவந்தேன். உன் பெயருக்குக் கீழே அந்தச் சிவப்புச் சட்டை வந்து உட்கார்ந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. உறுதி செய்யாமல் எடுத்துவிட்டேன். உன் கோல்கீப்பரையே நம்பினேன். அவன் கோல் வாங்காமல் முடித்தால் அதற்கும் புள்ளி உண்டு; அதை வைத்தே நீ கடைசியிலிருந்து தப்பிவிடுவாய். எதிரே ஆடுவது எங்கள் சிவப்பு. என் அணியின் கேப்டன் அதே ஆள்.

வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். ஆட்டம் முடியப்போகும்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போதுதான் எங்கள் ஆள் பந்தோடு தனியாக உள்ளே நுழைந்தான். பத்து வருடமாக இந்த நொடிக்காகத்தான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று, "புடிடா, புடிடா" என்று உன் கோல்கீப்பரைப் பார்த்துக் கத்தினேன்.

பந்து வலைக்குள் போய்விட்டது. எங்கள் கிளப் ஜெயித்தது, எனக்கு இரட்டைப் புள்ளிகள், குழுவில் பாராட்டு மேல் பாராட்டு. நீ கடைசியிலேயே நின்றாய். நான் கோல் போட்ட எங்கள் ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க டீம்தானே கோல் போட்டுச்சு? ஏன் திட்றீங்க?"

"அவன் உயிரோட இருந்தா திட்டியிருப்பான்ல" என்றேன்.

அவள் வந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். சீசன் முடிந்ததும் உன் அணியை அழித்துவிடுவார்கள். அடுத்த வருடம் எல்லோரும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் உன் கோபம் என்னிடம் வந்துவிட்டது. இனி எங்கள் ஆள் கோல் போடும்போதெல்லாம் உனக்காக ஒருமுறை திட்டிவிட்டுத்தான் என்னால் கை தட்ட முடியும்.