ஜாமுவைப் பற்றி டாக்டர் கேட்டபோது

நவம்பர் 11, செவ்வாய்

தங்கை பார்வதிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, வியாழன் வீட்டுக்குப் போகலாம். சொன்னவர்: வார்டு தாதி, காலை 11.40. மழை. கோத்தா திங்கி சாலையில் தண்ணீர். ஜொகூர் பாரு வந்து சேர இரண்டு மணி நேரம்.

12.50. கொண்டுபோன கஞ்சியில் நான்கு கரண்டி. பிறகு மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்திய விட்ட மாதிரி இருக்குண்ணே."

நெற்றியெல்லாம் வியர்வை. எதிர்க் கட்டில் அம்மாள்: "ஆஸ்பத்திரிக் கஞ்சி வேணாம்னு அண்ணன் கஞ்சி குடிச்சா இப்படித்தான்லா! நர்ஸு மிஸ்ஸியக் கூப்பிடுங்க."

டாக்டர் ஷாலினி பத்து நிமிடத்தில். சின்னப் பெண், நிதானம். வயிற்றை நான்கு இடத்தில் அழுத்தினார். இளகித்தான் இருந்தது. வாய் வழியாக ஒன்றும் கூடாது. ட்ரிப், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி.

ஈசிஜி எதற்கு என்றேன். "மாரடைப்பும் சில நேரம் வயித்து வலியா வரும் அங்கிள்." மற்றவை: பித்தப்பைக் கல், கணையம், குடல் அடைப்பு, இரைப்பைப் புண். விரல்விட்டுச் சொன்னார்.

அடுத்து அவளிடம்: "ஆன்டி, முட்டி வலிக்கு வெளி மருந்து ஏதும் எடுத்தீங்களா? ஜாமு, கடையில கலந்து தர்ற செட்டு மாத்திரை?"

"இல்லலா டாக்டர்."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் என் மணிக்கட்டில் அவள் நகம்.

நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கும் ஜாமு மூலிகைப் பொடி, தினம் ஒரு பொட்டலம், இரண்டு வருடமாக. "கவிதாகிட்ட சொல்லிடாதண்ணே. இனிமே தொடமாட்டேன்னு அவ தல மேல சத்தியம் பண்ணிருக்கேன்." கவிதா அவள் மகள், சிங்கப்பூரில் மருந்தாளர். போன வருடம் பொட்டலங்களைக் குப்பையில் கொட்டியவள்.

பெயர் வரக்கூடாது என்று யாராவது சொன்னால் வராது. முப்பத்தொரு வருடப் பத்திரிகைப் பழக்கம். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜாமுவில் ஸ்டீராய்டு கலப்பது பற்றிச் செய்தி எழுதியவனும் நான்தான்.

நவம்பர் 12, புதன்

6.20. வார்டிலிருந்து போன். ரத்த அழுத்தம் 80/50.

எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று. கறுப்பாக, மெல்லிய பிறை. இரைப்பையில் ஓட்டை என்றார் அறுவை மருத்துவர். மூக்கு வழியே குழாய், சிறுநீர்க் குழாய், ஆன்டிபயாடிக், இரண்டு கையிலும் ட்ரிப். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர், சீனர், மலாயில் கேட்டார்: வேறு மருந்து ஏதாவது? ஜாமு என்று மலாயில் சொன்னேன். எத்தனை நாளாக? சொன்னேன்.

கோபப்படவில்லை. திரும்பி ஸ்டீராய்டு ஊசியும் எடுத்து வைக்கச் சொன்னார். ஜாமு வழியாக வெகுநாள் ஸ்டீராய்டு உள்ளே போனவர்களுக்கு அது இல்லாமல் அழுத்தம் நிற்காதாம். பிறகு என்னிடம்: ஜாமுவில் கலக்கும் ஸ்டீராய்டு வயிற்றின் விறைப்பை மறைத்துவிடும், நேற்றே தெரிந்திருந்தால் நேற்றே படம் எடுத்திருப்பார்கள்.

அவர் சொன்னது அவ்வளவுதான். எதையும் கூட்டவில்லை.

8.05 முதல் 10.50 வரை அறுவை. ஓட்டையைத் தைத்தாயிற்று. வயிற்றுக்குள் சீழ். தீவிரச் சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசம்.

கன்டீனில் தே ஓ, பால் இல்லாத தேநீர். குடித்தேனா, ஞாபகம் இல்லை. மூன்று முறை கை கழுவினேன். மணிக்கட்டில் நகத் தடம் ஒன்றும் இல்லை, இருந்தும் அழுத்துகிறது. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் அவள் குரல்: இல்லலா டாக்டர்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். இன்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். இமை ஒரு முறை அசைந்தது. அல்லது நான் நினைத்துக்கொண்டேன். தாதியிடம் கேட்டேன், பார்க்கவில்லை என்றார். ஆக, உறுதியில்லை.

கவிதா நேற்று மதியமே வந்துவிட்டாள். ஜாமு விஷயத்தை டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அழவில்லை. இன்று, கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது:

"மாமா, ஷாலினி டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"போய் ஏதாச்சும் சாப்பிடும்மா."

"நான் கேட்டதுக்கு அது பதிலா மாமா?"

எத்தனையோ பேரிடம் நான் கேட்ட மாதிரிக் கேள்வி. ஆம், இல்லை, ஒரு சொல் போதும்.

மாலை நிலவரம், பிரிவு மருத்துவர் சொன்னபடி: காய்ச்சல் 38.4. சிறுநீர் இறங்குகிறது. அழுத்தம் மருந்தில் நிற்கிறது.

தெரியாதவை: எந்தக் கிருமி, கல்ச்சர் முடிவு சனிக்கிழமை. சுவாசக் குழாயை எடுப்பார்களா. நாளை காலை எட்டு மணிச் சுற்றில் முடிவு. கவிதாவுக்குப் பதில்: எட்டுக்கு முன், என் வாயால்.