வெள்ளைக் காரில் இருந்தது என் ஜாயின்ட்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை, மற்றதைப் பிறகு சொல்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தெருக்கோடியில் வரும் வண்டியின் நம்பரை இங்கிருந்தே படிக்கிறார், ஆனால் கையில் இருக்கும் ஸ்பேனரைத்தான் ஒர்க்‌ஷாப் முழுக்கத் தேடுகிறார். சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சித்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை, உலகத்தில் வேறு யாரும் பாட்டியானதே இல்லை போல நடந்துகொள்கிறாள். உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாகிவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இனி எழுதப்போவதைப் போனில் ஆரம்பித்தால் நீ “பரவால்ல விடும்மா, வேலை இருக்கு” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை உன்னால் பாதியில் வெட்டமுடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

டீச்சருடைய அந்த வெள்ளைக் கார் போன வாரம் நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஸ்டியரிங் இறுகி டீச்சர் கால் உடைந்த அந்த விபத்துக்குப் பிறகு அவர் அதை விற்றுவிட்டார், இப்போது ஒரு பூக்கடைக்காரர் ஓட்டுகிறார். அவர் சொன்ன குறையும் அதேதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதாம், ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடுகிறதாம், ஐந்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறதாம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். இன்ஜின் மாட்யூல் பிரேக்கிடமிருந்து தகவல் வரவில்லை என்கிறது, பிரேக் மாட்யூல் ஸ்டியரிங்கைச் சொல்கிறது, ஸ்டியரிங் இன்ஜினைச் சொல்கிறது. நாலு வருஷத்துக்கு முன் நாம் பார்த்த அதே பட்டியல். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “அம்மா, அவசரப்படாதே, மீட்டரை வெச்சு லைன் முழுக்கப் பாரு, அப்புறம் வெட்டு” என்றாய். நான் கேட்டேனா? டாஷ்போர்டுக்குப் பின்னால் எலி கடித்த இடத்தில் வயரை இணைத்து நீ போட்ட ஜாயின்ட்தான் விபத்துக்கு மூன்று வாரம் முன் செய்த வேலை, அதனால் குற்றவாளி அதுதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன், கார் சரியாகிவிட்டது. அப்பா முன்னாலும் டீச்சர் கணவர் முன்னாலும் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டி, “இவ கை பட்டதாலதான் ஒரு பொம்பளை கால் உடைஞ்சு கிடக்கா” என்று கத்தினேன். அதை எழுதவே கை கூசுகிறது, சொன்னபோது வாய் கூசவில்லை.

இந்த முறை நீ சொன்னபடி செய்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூல்கள் ஒன்றோடு ஒன்று பேசும் அந்த இரண்டு வயர்களுக்கு நடுவே மீட்டரை வைத்தேன். அறுபது ஓம் காட்டியது, காட்டவேண்டியதும் அதுதான். அரை நாள் ஒவ்வொரு இடமாக அசைத்து அசைத்துப் பார்த்தேன், அறுபது அறுபதாகவே நின்றது. டீ கொண்டுவந்த அப்பா குனியும்போது டிரைவர் பக்கக் கதவோரம் கார்ப்பெட்டில் கையை ஊன்றினார், மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. கையை எடுத்தார், அறுபது. இரண்டு வயரும் எங்கேயோ ஒன்றையொன்று தொடுகின்றன, தொட்டால் மொத்த லைனும் ஊமை, ஒரு மாட்யூலும் பேசாது. உனக்கு விளக்கவேண்டியதில்லை. கார்ப்பெட்டைத் தூக்கினேன். பூ வைக்கும் வாளிகளின் தண்ணீர் சிந்திச் சிந்தி அடியில் ஒரே ஈரம். அந்த ஈரத்தில் பழைய ஜாயின்ட் இரண்டு, வெறும் கையால் முறுக்கியது, ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, ஒன்றுக்கொன்று நேர் எதிரே. தள்ளித் தள்ளிப் போடவேண்டும் என்று உன் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். மேலே கறுப்பு டேப், அதன் கடைசி முனை மடித்து ஒரு சின்ன நாக்கு மாதிரி விட்டிருந்தது. இந்த ஊரில் டேப்பை அப்படி முடிப்பவள் நான் ஒருத்திதான் குட்டிம்மா. “அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்று நீதானே கேலி செய்வாய்.

விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால் பின்பக்கக் கேமரா பொருத்த அந்தக் கார் வந்தது, உனக்கு அன்று காய்ச்சல், நீ வரவில்லை. கார்ப்பெட்டைக் கிழிக்கும்போது பிளேடு சறுக்கி அந்த இரண்டு வயரையும் அறுத்துவிட்டேன். டீச்சர் பள்ளிக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றார், அவர் முன்னால் ஈயக்கோலை எடுக்க வெட்கப்பட்டு முறுக்கிச் சுற்றி மூடிவிட்டேன், வேலை நோட்டிலும் எழுதவில்லை. மறந்துபோனேன் என்று எழுதி முடித்துவிடலாம், அது பொய். விபத்து நடந்த அன்றே அந்தக் கதவோரம் ஒரு முறை என் மனதில் வந்து போனது. போய்ப் பார்க்கவில்லை. உன் ஜாயின்டை வெட்டியபோது நான் இழுத்த இழுப்பில் அங்கே வயர் கொஞ்சம் விலகியிருக்கும், கார் ஓடியது, எனக்கும் அது போதுமாக இருந்தது. உன் துண்டை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன், என்றாவது நீ வாதாடினால் காட்டுவதற்கு. நேற்று பிரித்தேன். ஈயம் வெள்ளியாக மின்னுகிறது, ஒரு இழைகூட வெளியே இல்லை. நான் அந்த அளவு சுத்தமாக ஒரு நாளும் செய்ததில்லை.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும், குழந்தை என் மூஞ்சியைப் பார்த்துட்டே நின்னுச்சு” என்று சொல்லிவிட்டு கார் தூக்கும் லிஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, அது எனக்கு வேண்டும்.

பிறகு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கைத்தடியோடு அவரே வந்து கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், “அப்போ உங்க பொண்ணு ஏன் நாலு வருஷமா மாசம் தவறாம எனக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்கிறா? ஒவ்வொரு தடவையும் அழறாளே, நான்தான் சமாதானம் சொல்லி போனை வெக்கிறேன்.”

இத்தனை நாளும் நீ என்மேல் கோபத்தில் ஊரை விட்டுப் போனாய், கோபத்தில்தான் வராமல் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். கோபம் என்றால் ஒரு நாள் தணியும் என்று காத்திருந்தேன். நீ கோபப்படவே இல்லை, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். உன் கையை நீயே நம்பாமல், அங்கே ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா? அதற்கும் நான் இடம் கொடுக்கவில்லை, தெரியும். இதற்கு மேல் அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ அங்கேயே இருந்தாலும் சரி, ஈயக்கோலை ஒரு முறை கையில் எடு, பழைய ரேடியோ ஏதாவது கிடைத்தால் பிரித்துப் பார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, அதை வாங்கிக்கொள்ள உனக்கு மனம் வந்தால்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் டீச்சருக்கு போன் செய்யும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேள், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள், மன்னிப்பு மட்டும் கேட்காதே. மாதா மாதம் நான் நேரில் போய்க் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் பழி போட்ட
உன் அம்மா