வலி ஊசி

என் செல்ல மலரு,

நேற்று உன் மாமியார் என்னைத் தேடி வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள். உன் புருஷன் இரண்டாவதாகக் கட்டியவளையும் கூட்டிக்கொண்டு, கோச்சடையில் நான் கர்ப்பிணிகளுக்குப் பிரசவ விளக்கம் சொல்லும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். நீ போன பிறகு நான் தேடிக்கொண்ட வேலை இது.

என்னைப் பார்த்ததும் மிரளுவாள் என்று நினைத்தேன். மிரளவில்லை.

"நம்ம பொண்ணு இருக்கிற எடம்னுதான் தாயி வந்தோம். பங்குனிக்குள்ள வலி ஊசி போட்டு எடுத்துரச் சொல்லு. சித்திரையில பொறந்தா எம்மகனுக்கு ஆகாது. நீ சொன்னா டாக்டரம்மா கேப்பாகள்ல?"

உனக்கும் இதைத்தானே கேட்டு வாங்கினார்கள்? கேட்டது கிடைத்தது. சித்திரையில் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை. பங்குனியில் பிறந்தது அழவே இல்லை. உனக்கு ரத்தம் நிற்கவில்லை.

"மூத்தவ செல்லமா வளந்தவ, வலி தாங்காம ஊரையே கூட்டுனா. இது வாயே தொறக்காது" என்று அந்தப் பெண்ணின் முதுகில் தட்டினாள், சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல.

அது வாயைத் திறந்தது. "அக்கா, வலி ஊசி போட்டா வலி தெரியாதுல்ல?"

காய்ச்சல் ஊசி போட்டால் காய்ச்சல் போகும். அப்போ வலி ஊசி? நீயும் அப்படித்தானே நினைத்தாய்? கடைசியாகப் போனில் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! "ஊசி போட்டுட்டாகக்கா, இனிமே வலிக்காது." பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. சிரித்தவர் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

இவளிடம் சொன்னேன். "இது வலியைப் போக்குற ஊசி இல்லம்மா, வரவைக்கிற ஊசி. நாள் கடந்தா, பிரஷர் ஏறுனா, பனிக்குடம் உடைஞ்சும் வலி வரலைன்னா போடுவாங்க. அப்ப அது நல்லது. மாசம் பாத்துப் போடுறதில்ல. வலி நெருக்கி நெருக்கி வரும். சிலருக்கு ஆபரேஷன்ல போய் முடியும். எதுக்குப் போடுறீங்கன்னு நீ கேக்கலாம். வேணாம்னும் சொல்லலாம்."

"இம்புட்டையும் சொன்னா புள்ள பயந்துராதா?" என்றாள் உன் மாமியார்.

அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தது. "செத்துப்போன அக்காகிட்ட இதெல்லாம் சொன்னீகளா அத்தே?"

உன் மாமியார் வெடுக்கென்று எழுந்தாள். "மதுரையில வேற ஆஸ்பத்திரியா இல்ல? எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "தங்கச்சி வாழாத வீட்டுல எவளும் வாழக்கூடாது ஒனக்கு."

பாதி உண்மைதான், மலரு. அந்த வீடு விளங்கக் கூடாது என்று நான் கும்பிடாத நாளில்லை. ஆனால் அந்தப் பெண் கட்டியிருந்தது உன் வளைகாப்புக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை. அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பழங்காநத்தத்தில் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று உன் காரியத்தன்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு மிதிப்பேன். காறித் துப்பினாலும் போவேன், பங்குனி முடியும்வரை போய்க்கொண்டே இருப்பேன். யாராவது ஊசியோடு வந்தால், உன்னைப்போல அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்ட மாட்டாள்.

இப்போது அவளுக்கும் அக்காவாகிவிட்ட,
உன் அக்கா