கடைமடைக்கு முதல் தண்ணீர்

என் பிரியமுள்ள யோவான் அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது உங்களோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். "எல்லாம் எழுதி வைக்கிறேன் தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினீர்களே, தண்ணீர் முறையை மட்டும் ஏன் ஒரு காகிதத்தில் எழுதாமல் போனீர்கள்?

உங்கள் தம்பி ஹாலந்திலிருந்து வந்து தோப்பு பங்களாவில் தங்கியிருக்கிறார். உங்கள் உயரம், உங்களைப் போலவே வெயில் பட்டால் சிவந்துபோகிற மூக்கு. பார்த்ததும் "அண்ணே" என்று கூப்பிடப் போய்விட்டேன். ஆனால் அவர் கையில் உங்கள் குடும்பத்துப் பழைய பத்திரம் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எழுதி வாங்கியது. வாய்க்காலில் முதல் தண்ணீர் தோட்டத்துக்கு, மிச்சம் இருந்தால் ஊருக்கு.

அதே பத்திரத்தோடுதானே நீங்களும் வந்தீர்கள்? தேங்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டே குடும்பச் சொத்தையும் நிர்வாகம் செய்ய வந்த துரை என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நான் அப்போதுதான் சித்தையன்கோட்டைப் பக்கம் கல்யாணமாகி வந்திருந்தேன். உங்கள் தோப்பும் வயலும் வாய்க்காலின் தலைப்பில், எங்கள் துண்டு வயல் கடைசியில். உங்கள் நிலம் குடித்து மிச்சம் வைத்தால்தான் எங்கள் மண்ணில் ஈரம்.

உங்கள் முதல் நடவை மறக்க முடியுமா? நாற்று நட்ட மறுநாள் காலையில் வயல் நிறையத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டீர்கள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊரில் பிறந்தவர், தண்ணீர் நின்றால் வெளியே தள்ளிப் பழகியவர். யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டி வடித்துவிட்டீர்கள். தோட்டத்துப் பக்கம் தண்ணீர் திரும்புகிற மடையிலும் பலகையை இறக்கி அடைத்தீர்கள். வாய்க்கால் தண்ணீர் மொத்தமும் ஓடி வந்து எங்கள் வயலில் நின்றது. நான் ஒரு சொம்பு மோரோடு நன்றி சொல்ல ஓடி வந்தால், "எதுக்கு நன்றி? நான் பயிரைக் காப்பாத்தினேன்" என்று முழித்தீர்கள்.

நெல் தண்ணீரில்தான் நிற்கும் என்று உங்கள் மேஸ்திரி விளக்கிச் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! ஊரே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் வாய்க்கால் கரையோடு கடைசிவரை நடந்து வந்தீர்கள். எங்கள் பக்கத்து வயலில் அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பே நாற்று கருகிப்போயிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அடுத்த நடவிலிருந்து கடைமடைக்கு முதல் தண்ணீர், தோட்டத்துக்குக் கடைசி. தப்பாகத் தொடங்கியது இருபத்தெட்டு வருஷம் முறையாக நடந்தது. "எங்க வீட்ல என்னைக் கெட்ட மேனேஜர்னு சொல்றாங்க தங்கச்சி" என்று ஹாலந்திலிருந்து வந்த கடிதங்களைக் காட்டிச் சிரிப்பீர்கள்.

போன திங்கட்கிழமை வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். உங்கள் தம்பி விடிந்ததும் ஆள் வைத்துத் தோட்டத்து மடைப்பலகையைத் தூக்கிவிட்டார். சேதி கேட்டு நான் போட்டது போட்டபடி ஓடினேன். பலகையை இறக்கிவிட்டு, மடைச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. உங்கள் பரம்பரையே மெதுவாகத்தான் பேசும்போல. அவருக்குக் கார் ஓட்டுகிற திண்டுக்கல்காரர்தான் மொழிபெயர்த்தார்.

"அக்கா, சார் சொல்றாரு, அவுக அண்ணன் செஞ்ச தருமம் அவரோட முடிஞ்சு போச்சாம்."

"தருமமா? எடுத்துச் சொல்லுங்க தம்பி. அவுக அண்ணன் எங்களுக்கு ஒண்ணும் தானம் குடுக்கல. மறிச்சு வச்சிருந்தத தெறந்து விட்டாக, அம்புட்டுதான்."

"அதுக்கு எழுத்து எங்கன்னு கேக்குறாரு."

"எழுத்து இல்லதான். வருசா வருசம் வெளைஞ்ச நெல்லு இருக்கு. கடைசி வயல் வரைக்கும் நடந்து வந்து பாக்கச் சொல்லுங்க. அண்ணன் நடந்தாகள்ல?"

நான் அப்படிப் பேசியது உங்களுக்கு வருத்தமா அண்ணே? ஊரில் சிலர் உங்களைப் புனிதர் ஆக்கப் பார்க்கிறார்கள். நான் விடமாட்டேன். நீங்கள் நல்லவர், என் கூடப்பிறக்காத அண்ணன், உங்களை நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஒரு நல்லவர் செத்தால் நின்றுபோகிற தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்.

அன்றைக்கு மற்ற வயல்காரர்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாறி மாறிக் காவல் இருந்தோம். மூன்றாம் நாள் என் வயல் நிறைந்தது, நாற்று நட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் உங்கள் தம்பி காரை விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்தே வருகிறார். வரப்பில் நின்று வயலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. டிரைவரிடம் ஏதோ சொன்னார்.

"அக்கா, பயிரு முங்கிப் போகாதான்னு கேக்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், மனிதர் பயந்துபோனார். வீட்டுக்குக் கூட்டி வந்து மோர் கொடுத்தேன். மடையை மட்டும் கொடுக்கவில்லை.

வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பார்க்கட்டும். இந்த முறையை ஊரார் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்துவிட்டோம். நீங்கள் விட்ட வேலை அது. முதல் கையெழுத்து என்னுடையது.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு வருவேன், அந்தக் காகிதத்தையும் வாசித்துக் காட்டுவேன். அதுவரை இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் உயிரோடு இருக்கும்வரை நீங்கள் வளர்த்த தோப்பு காயாது அண்ணே. தண்ணீர் அங்கேயும் வரும். எல்லோருக்கும் பிறகு வரும்.

உங்கள் கடைமடைத் தங்கச்சி,
செசிலி