கஞ்சி தூக்கலாக

ஜனவரி 9

இன்று எனக்குப் பதவி உயர்வு. காலையில் இஸ்திரி போடுகிறவள், மாலையில் ஆலோசகர். இந்தச் சலவைக் கடை முன்பக்கம் துணி வெளுக்கிறது, பின்பக்கம் போதைத் தூள் விற்கிறது. முதலாளியை எல்லோரும் சித்தப்பா என்போம். யாருக்கும் அவர் சித்தப்பா இல்லை.

தூள் வாங்க வருகிறவன் சட்டையை நீட்டி, "அவசரம்" என்று சொல்ல வேண்டும். என்ன ஒரு மூளை! அவசரம் என்று சொல்லாமல் எவன் சட்டை கொடுக்கிறான்? போன வாரம் நேர்முகத் தேர்வுக்குப் போக இருந்த ஒரு பாவப்பட்டவன் தூள் பொட்டலத்தோடு போகாமல் மயிரிழையில் தப்பினான்.

"கஞ்சி தூக்கலான்னு மாத்துங்க சித்தப்பா. இந்தக் காலத்துல எவன் துணிக்குக் கஞ்சி கேக்கறான்?" என்றேன்.

"இத்தனை ஆம்பளைங்க இருந்தும் ஒருத்தனுக்கும் தோணலியே" என்றார். அவர்களுக்குத் தோன்றியதெல்லாம் டீ குடிப்பது மட்டும்தான்.

ஜனவரி 27

கஞ்சி கொடிகட்டிப் பறக்கிறது.

பிப்ரவரி 4

செருப்புக் கம்பெனியில் சின்னவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நம் கடைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் உட்கார வைத்துவிட்டேன். அம்மா கண்ணை மூடும்போது "சின்னவளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியவளை யார் பார்ப்பது என்று சொல்ல மறந்துவிட்டாள் போல.

என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். "கஞ்சி தூக்கலான்னு கேட்டா, மடிக்கும்போது உள்ள இந்தத் தடிச்ச அட்டையை வை. மத்தவங்களுக்குச் சாதா அட்டை" என்றேன்.

"ஏன், கஞ்சி போட்ட சட்டை தானா நிக்காதா?"

"சொன்னதைச் செய்."

"சரி போ, பெரிய முதலாளியம்மா" என்றாள். தடித்த அட்டை இரண்டு அடுக்கு. நடுவில் என்ன இருக்கிறது என்று அவள் பிரித்துப் பார்க்க மாட்டாள். அப்படி வளர்த்தது நான்தான்.

மார்ச் 2

சித்தப்பாவின் மூன்று சலவைக் கடைகளுக்கும் இனி நான்தான் பொறுப்பு. அப்பா வயதுக்காரர்கள்கூட "அக்கா" என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் "ஏய் இஸ்திரி" என்றவர்கள். எனக்குத் தெரியாமல் இத்தனை தம்பிகளை அம்மா எப்போது பெற்றாள்?

சின்னவள் மட்டும் மாறவில்லை. "ஏய், குடையை எடுத்துட்டுப் போ. நனைஞ்சிட்டு வந்து என் உசிரை வாங்காதே" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். என் புதுத் தம்பிகள் சுவரைப் பார்த்தார்கள்.

மார்ச் 19

மாட்டிக்கொண்டோம்.

இந்தக் காலத்தில் எவன் கஞ்சி கேட்கிறான்? போலீஸ்காரன் கேட்கிறான்! அணிவகுப்புக்குச் சீருடை விறைப்பாக நிற்க வேண்டாமா? பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த இன்ஸ்பெக்டர் சாதா உடையில் வந்து, பையை நீட்டி, "கஞ்சி நல்லாத் தூக்கலா இருக்கட்டும்மா" என்றிருக்கிறார். நான் அப்போது மூன்றாவது கடையில் பொறுப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். சின்னவள் சொன்னதைச் செய்தாள். தடித்த அட்டையை வைத்து, அழகாக மடித்து, அவர் கையிலேயே கொடுத்து, "நன்றி சார், மறுபடியும் வாங்க" என்றாளாம்.

வந்தார். ஜீப்பில்.

எத்தனை பேரை முட்டாள் என்றேன் இந்த நோட்டில்? சே.

மார்ச் 20

சித்தப்பா ரொம்ப நல்லவர். முடிவை என்னிடமே விட்டார். "ஒருத்தர் உள்ள போனா கேஸ் முடிஞ்சிடும். கடை உன்னோட யோசனையிலதான் ஓடுது. கல்லாவுல இருந்தது உன் தங்கச்சி. நீயே சொல்லு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

நான் போனா வக்கீல் யாரு வெப்பா? அவளை யாரு வெளிய எடுப்பா? நான் வெளிய இருந்தாத்தானே அவளுக்கு நல்லது? — அடடா, எப்பேர்ப்பட்ட தியாகி! பயமா இருந்துச்சுடி. அவ்வளவுதான். பயம்.

மார்ச் 23

"அட்டையை வைக்கச் சொன்னது யாரு?" என்று விடிய விடியக் கேட்டிருக்கிறார்கள். "நானாத்தான் வெச்சேன்" என்று சொன்னாளாம். வக்கீல் பாராட்டினார், நல்ல பெண்ணாம்.

ஜூன் 11

அவளுக்குத் தண்டனை. நான் ஜெயிலுக்குப் பார்க்கப் போனால், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புகிறாள். ஒவ்வொரு முறையும்.

அக்டோபர் 30

சித்தப்பா ஓய்வெடுக்கிறார். அவர் கேட்ட ஓய்வு அல்ல, நான் கொடுத்தது. அவருடைய சுழல் நாற்காலி இப்போது எனக்கு. உட்கார்ந்தால் கிறீச்சென்கிறது. எண்ணெய் போடச் சொன்னேன். நான்கு பேர் ஓடினார்கள்.

நவம்பர் 14

இன்று பார்க்கச் சம்மதித்தாள்.

மெலிந்திருக்கிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்க" என்றாள். "உக்காருங்க. நல்லா இருக்கீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

"என்னடி புதுசா வாங்க போங்க?"

"உங்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்களாம்." சலவைப் பகுதியில் வேலை போட்டிருக்கிறார்களாம். "இங்க காவலர் சட்டைக்கெல்லாம் கஞ்சி தூக்கலாத்தான் கேக்கறாங்க. இங்க வந்த முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

"அடிக்கடி வராதீங்க. உங்களுக்கு வேலை இருக்கும்."

வெளியே மழை. குடை எடுத்துப் போகவில்லை. நனைந்துகொண்டே கடைக்கு வந்தேன். "அக்கா வந்தாச்சு" என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள்.